ஏஆர்-15க்குப் பிளாஸ்டிக் லோயர் தாங்குமா? என் மூன்றாண்டுக் கணக்கு

போன சனிக்கிழமை பென் ஏவரி சுடுதளத்தில் 120 தோட்டா சுட்டேன். வீட்டுக்கு வந்து துடைத்து வைத்த கையோடு நோட்டில் எழுதினேன். நைலான் லோயர், அதாவது அடிப்பாகம், போட்ட என் இரண்டாவது ஏஆர்-15 துப்பாக்கியில் அதோடு 1,640 ஆகிறது. இதற்கு முன் வைத்திருந்த பிளாஸ்டிக் லோயர் 2,310 தோட்டாவில் ஓய்வுக்குப் போனது. நடுவில் ஒரு வருடம் அலுமினியம். மூன்றையும் ஒரே ஆள், ஒரே ஊரில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் இதை எழுதி வைப்பது யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம். ஹெச்-1பி விசாவில் இருந்த வரை இங்கே எனக்குத் துப்பாக்கி வாங்கும் வழி அநேகமாக இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஏஆர்-15 மேல், கீழ் என்று இரண்டாகப் பிரியும். மேல் பாதியில் குழலும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் இருக்கும். கீழ் பாதியில் விசை, சுத்தியல், தோட்டா அடுக்கிய மேகசீன் நுழையும் வாய், பின்னால் தோளில் வைக்கும் கட்டை. இந்தக் கீழ் பாதியின் கூடுதான் லோயர் ரிசீவர். அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பது இந்தக் கூடு மட்டும்தான். வரிசை எண் இதில்தான் இருக்கும். குழலையும் போல்ட்டையும் தபாலில் வரவழைக்கலாம். லோயர் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடைக்குப் போய் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் கையில் வாங்க முடியும். பிளாஸ்டிக் லோயர் என்றால் அந்த எண்ணைப் பொறித்த சிறு உலோகத் தகடு ஒன்றை உள்ளே பதித்திருப்பார்கள்.

யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் இந்த வடிவத்தை வரைந்தபோது அலுமினியத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் உலோக லோயர்களில் பெரும்பாலானவை 7075-டி6 என்ற அலுமினியக் கலவையை அடித்து உருவாக்கியவை. விமான பாகங்களுக்குப் போகும் அதே சரக்கு.

முதல் லோயரைப் பிளாஸ்டிக்காக எடுத்ததற்கு விலையும் எடையும்தான் காரணம். நான் கொடுத்தது 40 டாலர். பக்கத்திலேயே இருந்த அலுமினியம் 62. சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் 142 கிராம் காட்டியது. பின்னால் வாங்கிய அலுமினியம் 248. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. வடிவத்தில் அது அலுமினிய லோயரின் அச்சு அசலான நகல், அவ்வளவு தெரிந்தால் போதும். இதில் ஒரு வசதியை மனதாரச் சொல்ல வேண்டும். விசைக் காப்பு வளையம் கூட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. அலுமினியத்தில் அந்த வளையத்தின் பின்னைச் சுத்தியலால் தட்டும்போது காது போன்ற மெல்லிய பகுதியை உடைத்துவிட்டு நிற்பவர்கள் நிறைய. பிளாஸ்டிக்கில் அந்தப் பயம் இல்லை.

முதல் 1,000 தோட்டா வரை ஒரு குறையும் இல்லை. பலர் நினைப்பதுபோல வெடிப்பின் அழுத்தம் லோயரில் விழுவதில்லை. ஏஆர்-15இல் போல்ட்டின் பற்கள் குழலின் பின்முனையிலேயே போய்ப் பூட்டிக்கொள்கின்றன. தோட்டா வெடிக்கும் வேகத்தைக் குழலும் போல்ட்டும் தங்களுக்குள் தாங்கிக்கொள்கின்றன. "பிளாஸ்டிக் லோயர் முகத்தில் வெடிக்கும்" என்று சொல்பவர்கள் இந்தப் பூட்டை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

அதேபோல ஜெர்மன் ராணுவத்தின் பிளாஸ்டிக் கூடு கொண்ட ஜி36 துப்பாக்கியின் கதையையும் இழுப்பார்கள். சூடேறினால் குறி தவறுகிறது என்று சர்ச்சையாகி, 2015இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே அந்தத் துப்பாக்கிக்கு இப்போதைய வடிவில் ராணுவத்தில் எதிர்காலம் இல்லை என்று சொன்னது உண்மை. ஆனால் அதில் குழலைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டே பிளாஸ்டிக் கூட்டுக்குள் பதிந்திருக்கிறது. ஏஆர்-15இல் குழல் இருப்பது அலுமினிய மேல் பாதியில். லோயருக்கு அந்தச் சூடு பெரிதாகப் போவதில்லை. 200 தோட்டா அடுத்தடுத்துச் சுட்ட பிறகும் என் லோயர் கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இருந்ததில்லை.

உண்மையான பலவீனம் பின்னால் இருக்கிறது. லோயரின் பின்முனையில் ஒரு மரை வளையம் உண்டு. சுருள்வில் ஓடும் பஃபர் டியூப் அதில்தான் திருகி நிற்கும், தோள்கட்டை அந்த டியூபில் ஏறும். கட்டையைத் தரையில் ஊன்றினாலும், கீழே போட்டாலும், தோளில் அழுத்தினாலும், அத்தனை வளைவும் அந்த ஒற்றை வளையத்தின் அடிக்கு வந்து சேரும். 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலானின் வலிமை 7075 அலுமினியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்போ ஏழில் ஒரு பங்கு சொச்சம்தான். அதே பருமன், அதே வடிவம் என்று வார்த்தால் ஏழு மடங்கு வளையும். வீட்டிலேயே பார்த்தேன். தோட்டா இல்லாமல், போல்ட் திறந்த நிலையில், முன்கைப்பிடியை மேசையில் அமுக்கிக்கொண்டு கட்டையைக் கீழே அழுத்தினால் மேல், கீழ் பாதிகளுக்கு நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. அலுமினியத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

விசையையும் சுத்தியலையும் பிடித்திருக்கும் உலோகப் பின்களின் துளைகளையும் வெர்னியரால் அளந்து வைத்திருந்தேன். புதிதில் 3.91 மில்லிமீட்டர். 2,000 தோட்டா தாண்டியபோது சுத்தியல் பின்னின் துளை மேல்கீழாக 3.96 காட்டியது. துளை முட்டை வடிவத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது. விசை இழுப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முதலில் இறுக்கமாக இருந்த பின்னை இப்போது கட்டைவிரலால் தள்ள முடிந்தது.

அப்புறம் அந்த மார்ச் மாதம். சுடுதளத்தில் காலித் துப்பாக்கியைப் பையில் வைக்கப் போகும்போது கை நழுவி, இடுப்பு உயரத்திலிருந்து கட்டை முதலில் படும்படி சிமென்ட் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு முறை அதை வைத்துத்தான் சுட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. மூன்றாவது முறை துடைக்கும்போது வளையத்தின் அடியில் மயிரிழை போல வெள்ளைக் கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. கட்டையை லேசாக அழுத்தியதும் கோடு திறந்தது. அந்த வளையம் சுடும்போது பிய்ந்தால் சுருள்வில்லும் டியூபும் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அன்றோடு அதை நிறுத்திவிட்டேன்.

ஊரின் வறண்ட காற்றுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் இருந்தால் கொஞ்சம் இளகி அடி தாங்கும். காய்ந்தால் விறைத்து, அடிபட்டால் எளிதில் விரிசல் விடும். ஃபீனிக்ஸ் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது? வெயிலைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். கோடையில் மூடிய காருக்குள் இருக்கும் சூடு நைலானை உருக்கக் கொஞ்சமும் போதாது.

இனிப் பணக் கணக்கு. மிச்சம் பிடித்தது 22 டாலர். லோயர் போனதால் புதிதாக 62 டாலர், கடைக்காரரின் கைமாற்றுக் கட்டணம் 25, மறுபடி படிவம், மறுபடி சோதனை. உள்ளே இருந்த விசையும் டியூபும் கட்டையும் புதிய லோயருக்கு மாறின என்பது ஆறுதல். ஆனால் 22 டாலருக்குக் கொஞ்சம் தோட்டாதான் வரும், அதைத்தான் சேமித்திருக்கிறேன். எடை 106 கிராம் குறைந்ததும் கையில் தெரியவில்லை. அலுமினியம் போட்ட பிறகு மொத்தத் துப்பாக்கி மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினால் எது எதென்று சொல்லியிருக்க மாட்டேன்.

இதோடு பிளாஸ்டிக்கை விட்டிருப்பேன். நண்பர் ஒருவர் தன் பழைய சிஏவி-15 என்ற பிளாஸ்டிக் லோயரைக் காட்டியதுதான் மனதை மாற்றியது. அரிசோனாவிலேயே கேவல்ரி ஆர்ம்ஸ் என்ற நிறுவனம் செய்தது. லோயர், கைப்பிடி, தோள்கட்டை மூன்றும் ஒரே உடம்பு. தனி டியூபே இல்லை. சுருள்வில் அந்த நைலான் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. முறிவதற்கு அந்த மரை வளையமே அதில் கிடையாது. அதே யோசனையில் இப்போது கேஇ ஆர்ம்ஸ் செய்யும் கேபி-15ஐ வாங்கினேன்.

கையில் எடுத்தவுடன் தெரிந்தது, இது பிளாஸ்டிக்குக்காகவே வரைந்த உருவம். மெல்லியதாக இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிசு, வளைவு வரும் இடத்தில் பருமன், உள்ளே குறுக்குச் சட்டங்கள். பழைய அழுத்தல் சோதனையைச் செய்தேன். வெளிச்சம் தெரியவில்லை. ஓடி வந்து கட்டையை மண்ணில் ஊன்றி, உடம்பு பாரத்தை அதன்மேல் போட்டுக் குப்புறப் படுப்பதை ஒவ்வொரு முறையும் பத்துத் தடவையாவது செய்கிறேன். 1,640 தோட்டாவுக்குப் பிறகு பின் துளைகள் 3.91லிருந்து 3.92. அது என் வெர்னியர் பிடிப்பின் பிழையாகவே இருக்கலாம். மொத்தத் துப்பாக்கி 2.6 கிலோ. இந்த வித்தியாசம் ஒரு மணி நேரம் நின்று சுட்டால் தோளுக்கு நன்றாகவே தெரிகிறது. ஜூன் மாத வெயிலில் கன்னத்தை வைத்தாலும் சுடுவதில்லை.

குறையும் உண்டு. கட்டையின் நீளத்தை மாற்ற முடியாது. எனக்குப் பொருந்துகிறது, என் மனைவிக்கு நீளம் அதிகம். அவர் வரும் நாளில் அலுமினியத் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போகிறோம். விலையும் வெறும் லோயரோடு ஒப்பிட்டால் அதிகம். ஆனால் அலுமினிய லோயர், டியூப், கட்டை, கைப்பிடி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக் கூட்டினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

நைலான் இந்தத் துறைக்குப் புதிதும் இல்லை. 1959இல் ரெமிங்டன் நைலான் 66 வந்தபோது, அந்நிறுவனத்தின் டாம் ஃப்ரை மேலே எறியப்பட்ட 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டு ஆறை மட்டும் தவறவிட்டார். அதுவும் ஆரம்பத்திலிருந்தே நைலானுக்கென்று வரைந்த துப்பாக்கிதான்.

விரிசல் விட்ட லோயர் இன்னும் என் பணிமேசை இழுப்பறையில், உள்ளே எதுவும் இல்லாமல் வெறும் கூடாக இருக்கிறது. கேபி-15ஐ 5,000 வரை கொண்டுபோகத் திட்டம். ஒவ்வொரு 500க்கும் துளைகளை அளந்து, கைப்பிடிக்கு மேலே, கட்டை தொடங்கும் இடத்தில் விளக்கடித்துப் பார்க்கிறேன். அடுத்த அளவு 2,000இல்.