ஒரே ராத்திரியில் ஏற்றிய காரத்தன்மை

என் பவளத் தொட்டியில் நான்கு வருடமாக நன்றாக வளர்ந்து வந்த அக்ரோபோரா என்ற கிளைவிடும் பவளங்களில் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் போய்விட்டன. நான் ஒரு ராத்திரி அவசரப்பட்டு ஊற்றிய கரைசல்தான் காரணம். கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு என்னிடம் பேசுகிறவர்கள் எந்த விளக்கு வாங்கலாம், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரில் எது நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும்.

பத்து நாள் வெளியூர் போயிருந்தேன். காரத்தன்மை என்று நாங்கள் சொல்வது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவை, பவளம் எலும்புக்கூடு கட்ட எடுப்பது இதைத்தான். கரைசலைத் தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்பில் வைத்திருந்த காரத்தன்மைக் கரைசல் பாதியிலேயே தீர்ந்திருக்கிறது, நான் சரியாக அளந்து வைக்கவில்லை. வந்ததும் சோதித்தால் 6.3 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). வழக்கமாக 8.5 இருக்கும். பவளங்கள் எல்லாம் எப்போதும்போல் விரிந்திருந்தன, நிறம்கூட மங்கவில்லை, ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் பதறிவிட்டேன். அன்றிரவே சோடியம் கார்பனேட் கரைசலை நாலைந்து தடவையாக ஊற்றி, காலையில் சோதித்தபோது 9.6 வந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கிளையின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு. முதலில் வெளிறுதல் என்று நினைத்தேன், அது இல்லை. வெளிறும்போது பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் வெளியேறுகிறது, சதை கண்ணாடிபோல் மேலே இருக்கும், சூழல் சரியானால் மீளவும் வாய்ப்பு உண்டு. இங்கே சதையே உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரிந்தது. அந்தக் கோடு நாளுக்கு நாள் மேலே ஏறியது. மிச்சமிருந்த உயிருள்ள நுனிகளை, கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளி வெட்டி எடுத்து வேறு கற்களில் ஒட்டினேன். அப்படி ஒட்டியவற்றில் சில பிழைத்தன.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது, 6.3 ஒன்றும் உயிர்போகும் அளவே இல்லை என்பதுதான். இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மையே 7 டிகேஎச் அளவில்தான் இருக்கிறது. தொட்டி வைப்பவர்கள் 7 முதல் 11 வரை எங்கெங்கோ வைத்திருக்கிறார்கள், பவளமும் வளர்கிறது. எந்த எண் என்பதைவிட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் பவளத்தைப் பாதிக்கிறது. நாளுக்கு அரை டிகேஎச் வீதம் ஏற்றியிருந்தால் நாலைந்து நாளில் பழைய இடத்துக்கு வந்திருக்கும், ஒரு கிளைகூடப் போயிருக்காது என்றே நம்புகிறேன். என் தொட்டியில் அப்போது பவளத்துக்கு உணவாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட பூஜ்யமாக வேறு இருந்தன. உணவில்லாத நீரில் காரத்தன்மை ஏறினால் அக்ரோபோராவின் நுனிகள் கருகுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். டோசிங்கை நிறுத்திவிட்டு மூன்று நாள், தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளக்கிறேன். மூன்று நாளில் 1.2 குறைந்தால் தொட்டி நாளொன்றுக்கு 0.4 சாப்பிடுகிறது என்று அர்த்தம். அந்த அளவை மட்டும், ஒரே தடவையாக இல்லாமல் பல சிறு பங்காகப் பிரித்து, பெரும்பங்கு இரவில் போகிற மாதிரி பம்பில் வைக்கிறேன். விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்று நீரில் கார்பன் டை ஆக்சைடு சேரும், பிஎச் இறங்கும், அந்த நேரத்தில் கார்பனேட் கரைசல் போனால் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். கால்சியத்தையும் காரத்தன்மையையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்து பால்போல் கலங்கிச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்.

கால்சியத்தை நான் மாதம் இருமுறைதான் பார்க்கிறேன். அது அலட்சியம் இல்லை. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது 2.8 டிகேஎச் காரத்தன்மையை எடுத்தால் கால்சியத்தில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு)தான் குறையும். அதாவது காரத்தன்மை 8.5லிருந்து 5.7க்கு விழுந்து கிடக்கும்போது கால்சியம் 420லிருந்து 400க்கு வந்திருக்கும், அவ்வளவுதான். முதலில் ஆட்டம் காண்பது காரத்தன்மை. மெக்னீசியம் 1300 அளவில் இருக்கட்டும். அது குறைந்தால் கால்சியமும் காரத்தன்மையும் நீரிலேயே சுண்ணாம்பாகிவிடும், எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

பிஎச் பற்றி ஒரு வார்த்தை. காலையில் 7.8 காட்டுகிறது என்று பதறி, பிஎச்சை ஏற்றும் பஃபர் பொடி போடுகிறவர்கள் நிறைய. வீட்டுக்குள் ஜன்னல் எல்லாம் மூடி ஆட்கள் இருந்தால் அறைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும், அது தொட்டி நீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். பொடி போட்டால் பிஎச் கொஞ்ச நேரம் ஏறிவிட்டு மறுபடி இறங்கும், ஆனால் காரத்தன்மை ஏறியது ஏறியதுதான். நான் செய்த அதே தவறு வேறு வழியாக வந்து நிற்கும். ஜன்னலைத் திறங்கள், இல்லையென்றால் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே நீட்டுங்கள்.

உப்புத்தன்மையும் இதே மாதிரிதான், ஆனால் நம் கண்ணில் படாமல் நகரும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் தினம் 4 லிட்டர் ஆவியானால், ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்று இருந்தது ஒரே நாளில் 35.7, மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 37ஐத் தாண்டும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்புநீர் இல்லை, ஆர்ஓ டிஐ சுத்திகரிப்பில் வந்த நன்னீர். தானாக நீர் நிரப்பும் ஏடிஓ ஒன்றை விளக்குக்கு முன்பே வாங்கச் சொல்வேன். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரில் பூஜ்யம் வைத்துச் சரிபார்த்தால் போதாது, 35 அளவுக்கென்றே விற்கும் கரைசலில் சரிபார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே தவறு இருந்தால் கால்சியம், மெக்னீசியம் என்று எல்லாக் கணக்கும் கூடவே தவறிப்போகும்.

தண்ணீர் மாற்றும்போதும் கவனம். சில உப்புக் கலவைகள் 11, 12 டிகேஎச் வரை வரும். 8ல் இருக்கும் தொட்டியில் பாதியை அதைக் கொண்டு மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 10. வாரம் பத்து சதவீதம் என்றால் வித்தியாசமே தெரியாது.

அப்புறம் நைட்ரேட், பாஸ்பேட். இவற்றைத் துடைத்துப் பூஜ்யமாக்குவது சுத்தம் என்று நானும் நம்பியிருந்தேன். பூஜ்யத்துக்குப் போன தொட்டிகளில்தான் பழுப்பு நிறத்தில் கோழைபோல் இழையோடி, குமிழ் குமிழாக டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் படர்வதைப் பார்க்கிறோம். இப்போது நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பிபிஎம் சுற்றி வைத்திருக்கிறேன். பாஸ்பேட் கூடிப்போனாலும் இரும்பு சேர்ந்த பாஸ்பேட் உறிஞ்சியை ஒரேயடியாக நிறையப் போட்டு உறிஞ்சாமல், கொஞ்சமாகப் போட்டு வாரக்கணக்கில் இறக்குகிறேன்.

இன்னொன்று, இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. இறந்த பவளங்கள் இருந்த பாறையை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று எடுத்தபோது அதன் ஓரத்தில் பாலிதோவா என்ற மென்மையான பவள வகை இருந்ததைக் கடைசி நிமிடம் கவனித்தேன். அதில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், கொதிக்கவைத்தால் ஆவியோடு மூச்சில் போகும், குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. பாறையைக் கொதிக்கவைக்கவே வைக்காதீர்கள். பாலிதோவாவைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

வெட்டி ஒட்டிய நுனிகளில் ஒன்று, அப்போது கட்டைவிரல் அளவு இருந்தது, இப்போது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. பவளம் பெரிதாகப் பெரிதாகப் பசியும் கூடும். போன மாதம் அதே டோசிங்கில் 8.5 நின்றது, இந்த ஞாயிறு 8.1. கரைசலை நாளுக்கு 2 மில்லி மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன். மறுபடி அடுத்த ஞாயிறு காலை அதே நேரத்தில் அளப்பேன், அதுவரை கை வைப்பதில்லை.