திறக்க மறுக்கும் கார்க் கதவு

கார்க் கதவு திறக்கவில்லை என்றதும் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் இழுப்பதுதான் நம்மில் பலர் முதலில் செய்யும் காரியம். பிளாஸ்டிக் கைப்பிடியும் உடைந்து செலவு இரட்டிப்பாவது அப்படித்தான். பின்கதவு வெளியிலிருந்து திறந்து, உள்ளிருந்து மட்டும் திறக்க மறுத்தால், குழந்தைகள் உள்ளிருந்து திறந்துவிடாமல் தடுக்க, கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக்கை முதலில் பார்க்க வேண்டும். கோளாறே இல்லாத கோளாறு அது.

என் காரின் பின்கதவோ இரு பக்கமிருந்தும் அசையவில்லை. கைப்பிடி எந்த எதிர்ப்புமின்றித் தொளதொளவென்று வந்தால், அதையும் பூட்டையும் இணைக்கும் கேபிளோ கம்பியோ கழன்றிருக்கலாம்; என் கதவில் கைப்பிடி வழக்கம்போலவே இருந்ததாலும், ரிமோட்டை அழுத்தியபோது மற்றக் கதவுகளில் கேட்ட 'டக்' என்ற ஒலி இதில் மட்டும் கேட்காததாலும், பூட்டை இயக்கும் சிறு மோட்டார்மீதே சந்தேகம் விழுந்தது. ஒருவர் ரிமோட்டை மீண்டும் மீண்டும் அழுத்த, மற்றொருவர் கதவை உட்புறமாகத் தள்ளியபடியே கைப்பிடியை இழுத்தால், கொக்கியின்மீதுள்ள அழுத்தம் குறைந்து சில வேளைகளில் பூட்டு விடுபடும். எனக்கு அப்படித்தான் திறந்தது.

திறந்த கதவை மீண்டும் மூடிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. மூடிய நிலையில், மோட்டாரை மறைத்திருக்கும் உட்புறப் பலகையைச் சேதமின்றிக் கழற்றுவது பெரும்பாடு என்பதால், கதவு திறந்திருக்கும்போதே மெக்கானிக்கிடம் காட்டி அந்த மோட்டாரை மாற்றிவிட்டேன்.