எழுபது கிலோ பலகைக்குச் சாயம் பூசுதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில், மோட்டார் சைக்கிள்களின் பேரிங்குகளை அழுத்தி எடுப்பதற்காக எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கிறேன். அதன் அடியில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய இரண்டு இரும்புப் பலகைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 600 மில்லிமீட்டர் சதுரம், 25 மில்லிமீட்டர் கனம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ என்று கணக்கிட்டால், ஒரு பலகை 70 கிலோவைத் தாண்டுகிறது.

சென்ற நவம்பரில் பூசிய சாயம் ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது. உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடியில் நீலக்கறுப்பான மெல்லிய செதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பலகையில் அந்த இடம் செம்பழுப்புத் தூளாக இருந்தது. ஆலையில் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது இரும்பின் மேல் படியும் செதில் அது. அதில் விரிசல் விழுந்தால், ஈரம் உள்ளே புகுந்து செதிலை விட்டுவிட்டு இரும்பையே அரிக்கும். வழவழப்பாக இருந்த அந்தச் செதிலை நல்ல மேற்பரப்பு என்று நம்பியதுதான் என் தவறு.

இம்முறை முதலில் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். துடைக்காமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கு பலகை முழுவதும் பரவிவிடும். கம்பித் தூரிகை செதிலை மெருகேற்றுகிறதே தவிர அகற்றுவதில்லை என்பதால், கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் பொருத்தி, வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தேன். கூர்மையான விளிம்பில் சாயம் மெலிந்துபோகும் என்பதால் விளிம்புகளையும் சற்று மழுக்கினேன்.

பலகையைப் புரட்டுவதுதான் உண்மையான வேலை. செம்பனை ஆலையில் பல ஆண்டுகள் உழைத்த பக்கத்து வீட்டு அண்ணன் உதவிக்கு வந்தார். கடப்பாரையால் ஒரு விளிம்பை விரற்கடை உயர்த்தி, மரக்கட்டையைச் செருகி, மறுபடியும் உயர்த்தி, அடுத்த கட்டையைச் செருகினோம். "தம்பி, கட்டை வைக்காம கையை உள்ள விடாதே" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். பலகை நிமிர்ந்ததும் செயின் பிளாக்கில், அதாவது பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியில், வார்ப்பட்டையை மாட்டி, மெல்ல மறுபக்கம் இறக்கினோம். அது சாயும் பக்கத்தில் இருவருமே நிற்கவில்லை.

அடுத்தது ஈரம். பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது மூன்று பாகையாவது சூடாக இருக்க வேண்டும். காற்று 28 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் பனி ஏறத்தாழ 26 பாகையில் படியும். அப்படியானால் பலகை 29 பாகையைத் தொட வேண்டும். கனத்த இரும்போ இரவின் குளிர்ச்சியை நெடுநேரம் விடாது. காலை எட்டு மணிக்குக் கையை வைத்தபோது ரேகை பதியும் அளவுக்கு வியர்த்திருந்தது. ஆகவே வெயிலில் காயவைத்து, பதினொரு மணிக்கு நிழலுக்கு மாற்றி, மாலை மழைக்கு முன்னதாகவே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான துத்தநாக பாஸ்பேட் பிரைமரைப் பூசி முடித்தேன்.

அழுத்தம் தாங்கும் மேல்முகத்துக்குச் சாயம் பூசவில்லை. அங்கே அது நசுங்கிப் பெயர்ந்துவிடும், எண்ணெய் தடவினால் போதும். இரண்டாவது பலகையின் அடிப்பக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.