சூடும் வேகமும்

மூன்று நாளாக வீட்டு டெஸ்க்டாப் இழுத்துக்கொண்டே இருந்தது. வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் அரை நிமிடம் ஓடும், அப்புறம் படுத்துவிடும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டேன். பலனில்லை.

நேற்று இரவுதான் கணினியின் உள்வேலையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கவனித்தேன். சும்மா இருக்கும்போது ப்ராசஸரின் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ். அது சரி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது தானே இறங்கிக்கொள்ளும். வேலை கொடுத்ததும் 4 வரை ஏறியது. சில விநாடிகளில் 1.3! முழு வேலை நடக்கும்போது வேகம் விழுந்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 100 டிகிரி. கருகாமல் இருக்கத்தான் பாவம், அது தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பெட்டியைக் கழற்றினேன். ஃபேன் நன்றாகவே சுற்றியது. ஆனால் ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலரின், கொதிக்க வேண்டிய அலுமினியத் தகடு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதாவது, சூடு மேலே ஏறவே இல்லை. கூலரைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மதர்போர்டை விட்டுக் கிளம்பி நின்றது. அடியில், ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். நாலும் 'டக்' என்று விழ வேண்டும். அந்தச் சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள்.

இப்போது முழு வேலையில் 68 டிகிரி, 3.9 கிகாஹெர்ட்ஸ். இதை எழுதி முடிப்பதற்குள் வீடியோ தயாராகிவிட்டது.