ஒரு ஜாண் உயரத்துல மங்கிப்போன மணிக்கட்டு

போன வாரம் ஏற்காடு காபி எஸ்டேட்ல வழுக்கி விழுந்த ஒரு அம்மா எக்ஸ்ரேக்கு வந்தாங்க, ஊர்லயே யாரோ மூங்கில் பத்தை வச்சு கட்டு போட்டு விட்டுருக்காங்க, தோளும் வலிங்கறதால கைய டேபிள்ல வைக்கவே முடியல, சரின்னு ஸ்பாஞ்ச் அடுக்கி, படம் பதியற கேசட்டுக்கு மேல ஒரு ஜாண் உயரத்துலயே வச்சு எடுத்தேன். படம் மங்கல். கைய ஆட்டிட்டீங்களாம்மான்னு கேட்டா "ஆட்டவே இல்ல கண்ணு, மூச்சு கூட விடல"ங்கறாங்க.

பாத்தா தப்பு என்னோடது. முன்னாடி எடுத்த இடுப்புக்கு போட்ட லார்ஜ் போகஸ், அதாவது எக்ஸ்ரே கிளம்பற புள்ளிய பெருசா வைக்கற செட்டிங், அப்படியே கெடக்கு.

டியூபுக்குள்ள பழுக்கக் காஞ்ச டங்ஸ்டன் ஃபிலமெண்ட்லேர்ந்து எலக்ட்ரான் கிளம்பும், எல்லாம் நெகட்டிவ்ங்கறதால ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு பரவத்தான் பாக்கும். அதுக்குத்தான் ஃபிலமெண்ட சுத்தி குழியா ஒரு போகஸிங் கப். அதுவும் நெகட்டிவ், அதனால சுத்துப்பட்டுலேர்ந்து உள்ளாற நெருக்கி எதிர்ல பாசிட்டிவா இருக்கற ஆனோடுல ஒரு சின்ன இடத்துல விழ வைக்கும், எக்ஸ்ரே கிளம்பறது அங்கேர்ந்துதான். 1913ல கூலிட்ஜ் இந்த சூடான ஃபிலமெண்ட் டியூப கொண்டு வர்றதுக்கு முன்னாடி எலக்ட்ரான் கிளம்பற கேத்தோடையே குழிவா செஞ்சு சமாளிச்சிருக்காங்க!

எங்க மெஷின்ல ஃபிலமெண்ட் ரெண்டு, எலக்ட்ரான் விழற ஸ்பாட் ஸ்மால்ல 0.6 மிமீ, லார்ஜ்ல 1.2 மிமீ. ஸ்பாட் பெருசாகி, கையும் கேசட்ட விட்டு தள்ளி இருந்தா நிழலோட ஓரம் மங்கும். டியூப் கேசட்டுலேர்ந்து ஒரு மீட்டர் உயரத்துல, கை 20 சென்டிமீட்டர் தூக்கி இருந்தா 1.2ல எலும்போட ஓரம் 0.3 மிமீக்கு பூசுன மாதிரி ஆகும், 0.6ல அதுல பாதி. கை கேசட்ட ஒட்டி இருந்திருந்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. ஸ்மால்ல மறுபடி எடுத்தேன், மயிரிழை மாதிரி விரிசல் பளிச்சுன்னு விழுந்துச்சு.

அப்ப எப்பவும் ஸ்மாலே போடலாமேன்னா, சூடு. வர்ற எலக்ட்ரானோட சக்தில 99 சதவீதம் சூடாத்தான் போகுது. செவ்வாய்ப்பேட்டைல எங்க மாமாவுக்கு கொலுசுப் பட்டறை, ஊதுகுழல் தீய ஊசி மாதிரி சுருக்கி ஒரே எடத்துல காட்டிட்டு இருந்தா வெள்ளி உருகி வழிஞ்சிரும்பாரு. இங்கயும் அதே கதைதான், அதனாலதான் ஆனோட தட்டு மாதிரி செஞ்சு நிமிஷத்துக்கு 3000 சுத்துக்கு மேல சுத்த விடறாங்க. அப்படியும் ஸ்மால்ல எம்ஏவ, அதாவது டியூபுக்குள்ள ஓடற கரண்ட, ரொம்ப ஏத்த முடியாது.

அந்தம்மாவ அனுப்பிட்டு அடுத்து ஒரு குண்டு ஆளுக்கு முதுகு, பட்டன அமுக்கினா மெஷின் பீப் பீப்னு கத்துது, எக்ஸ்போஷரே விடல. ஸ்மால்லயே விட்டிருக்கேன்.