ஆயாவின் பேரன் மேல் ஒரு மனு

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் காவலர் என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். எழுதியிருப்பது என்னவென்று தெரிந்து, புரிந்துதான் எழுதினீர்களா? சத்தியம் செய்வதில் ஆட்சேபணை உண்டா? இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? மூன்றுக்கும் பதில் சொன்னேன். டப்பென்று ஒரு முத்திரை, அதன் கீழே அவர் கையெழுத்து, அவ்வளவுதான். காசு கேட்கவில்லை. வேலூரில் ஒரு அஃபிடவிட்டுக்காக முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடிக்கக் கொடுத்து, நோட்டரி வக்கீல் வரும்வரை கோர்ட் வாசலில் அரைநாள் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே காவல் நிலையத்துக் காவலருக்கே சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தத் தாளில் நான் எழுதியிருந்தது பக்கத்து வீட்டு ஆயாவின் பேரனைப் பற்றி.

2018 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்துப் பக்கம் வேலை. ஊருக்குத் தெற்கே, பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள் இருக்கும் ஒரு புறநகரில் வீடு கிடைத்தது. சாமான் இறக்கிய அன்று மாலையே வேலிக்கு மேலே ஒரு கை நீண்டது. மூடிபோட்ட கிண்ணத்தில் சோறு, பருப்பு, கீரை. கீரையை இங்கே 'ஹெர்ப்ஸ்' என்கிறார்கள். கொடுத்தவர் பேசியது ஆங்கிலம்தான். நடுவில் 'சாமி', 'கோயில்', 'தண்ணி' என்று தமிழ்ச் சொற்கள் வந்து விழும். தெருவில் எல்லாரும் அவரை ஆயா என்றார்கள். எங்கள் வடாற்காட்டிலும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அதைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துவந்தார். அவருடைய தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வந்த கப்பலின் பட்டியல். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற முதல் கப்பல் இங்கே வந்தது, இது அதற்குப் பிறகு வந்த ஒன்று. ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தான், எந்த ஊர் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அவருக்கு 'ஊர்க்காரி'.

பேரனை அவர்தான் வளர்த்தார். நாங்கள் வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த, கோயில் தேரில் வடம் பிடித்த பையன். நான்கு வருஷத்தில் கண்முன்னே கரைந்துபோனான். இங்கே இந்தியர் வாழும் பகுதிகளில் 'ஷுகர்ஸ்' என்று ஒரு போதைப்பொருள் இருக்கிறது. ஹெராயினோடு கண்டதையும் கலந்த மலிவுச் சரக்கு. டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் தாய்மார்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய காலம் உண்டு என்று ஆயாவே சொல்லியிருக்கிறார். அது தன் வீட்டுக்குள் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

முதலில் அவன் கூட்டாளிகளின் சத்தம்தான். எங்கள் மதிலை ஒட்டி ஒரு கார் நிற்கும், டிக்கியைத் திறந்து ஸ்பீக்கரை அலறவிடுவார்கள், நாலைந்து பேர் குடிப்பார்கள், காலையில் கேட் வாசலில் பாட்டில் சில்லு கிடக்கும். ஒருநாள் காவல் நிலையத்துக்குப் போனோம். "அக்கம்பக்கத்துச் சண்டை, உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்தப் பதில் தவறு என்றுதான் சொல்வேன். யாரிடம் போகவேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இங்கே இரண்டு போலீஸ். குற்றங்களுக்கு நாட்டின் போலீஸ், மாநகராட்சி விதிகளுக்கு மெட்ரோ போலீஸ். டர்பன் மாநகராட்சிக்கு எதெக்வினி என்று பெயர். பொது இடத்தில் தொல்லை கொடுப்பதைப் பற்றி 2015இல் அது ஒரு துணைவிதி போட்டிருக்கிறது. தெருவில் குடிப்பது, வழியை மறிப்பது, கூச்சல் போடுவது எல்லாம் அதில் வரும். அந்தப் புகார் மெட்ரோ போலீஸுக்குப் போகவேண்டும். ஃபிளாட்டிலோ காம்ப்ளெக்ஸிலோ இருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே குடியிருப்போர் சங்கத்தின் நடத்தை விதிகள் உண்டு. அதுவும் பலிக்கவில்லை என்றால் குடியிருப்புத் தகராறுகளுக்கென்றே 2011இல் சட்டம் போட்டு வைத்த குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம்.

லண்டனில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் நாட்டில் 'சமூக விரோத நடத்தை' என்ற பெயரிலேயே 1998இல் ஒரு தடை உத்தரவு வந்தது என்றார். 2014இல் அதை எடுத்துவிட்டு வேறு தடையாணைகள் கொண்டுவந்தார்களாம். தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரே பெயரில் எதுவும் இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது, நாம்தான் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'பொரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். தெருவே அதிரும்படி மேளம் அடிக்கும். அது நம் காதுக்கு இனிமை, அடுத்த வீட்டுக்காரருக்கு எப்படியோ. இங்கே பக்கத்திலுள்ள இசிபிங்கோவில், ஒருவர் தன் வீட்டுக்கு எதிரேயுள்ள இஸ்லாமியக் கல்வி நிலையத்தின் தொழுகை அழைப்பு தனக்குக் கேட்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். 2020இல் டர்பன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதால் ஒரு சத்தம் தொல்லை ஆகிவிடாது, சாதாரணமான, நியாயமான மனிதர் ஒருவர் பொறுத்துக்கொள்ள முடியாததா என்றுதான் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். அதைப் படித்த பிறகு எங்கள் மதிலோரச் சத்தத்தையும் அந்தக் கண்ணால் பார்த்தேன். சனிக்கிழமை பத்து மணி வரை பாட்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் 2023இல் அது வெறும் சத்தமாக இல்லாமல் போயிற்று. என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. காலை ஆறரைக்குப் பள்ளி வண்டிக்காக கேட்டில் நிற்பாள். ஆயாவின் பேரன் எதிரே வந்து நிற்பான். முதலில் சும்மா நின்றான். பிறகு பேச்சு. பிறகு கடைக்குப் போனால் பின்னால் வருவது. பிறகு வாட்ஸாப்பில் வெவ்வேறு எண்களிலிருந்து செய்தி. ஒருநாள் அவள் சீருடையோடு படுக்கையில் உட்கார்ந்து ஷூவின் லேஸைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

தெரு வாட்ஸாப் குழுவில் விஷயம் எப்படியோ கசிந்தது. இரவு இரண்டு பேர் வந்தார்கள், நல்லவர்கள், ரோந்து சுற்றுகிறவர்கள். "அக்கா, நீங்க ஒண்ணும் பண்ணவேண்டாம். பசங்க போய் ஒரு பேச்சுப் பேசுவாங்க" என்றார்கள். அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது நாங்கள் இங்கேதான் இருந்தோம். கடைகள் எரிந்தன, போலீஸ் கண்ணில் படவில்லை, தெருமுனைகளில் டயரையும் மரக்கிளையையும் போட்டு ஆண்கள் காவல் நின்றார்கள். பயம் நிஜமானது, நானும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆனால் டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் அப்படிப்பட்ட தடுப்புகளிலும் அவற்றைச் சுற்றியும் நடந்ததில் 36 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள், வழியில் போனவர்களும் அதில் உண்டு. ஆத்திரத்தோடு நாலு பேர் கிளம்பினால் எங்கே நிற்கும் என்று கிளம்புகிறவர்களுக்கே தெரியாது. "வேண்டாம் தம்பி" என்றேன். ரோந்து தேவைதான். அதற்கு 1995 போலீஸ் சட்டத்திலேயே சமுதாயக் காவல் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. காவல் நிலையத்தோடு சேர்ந்து, கணக்குவழக்கோடு, பதில் சொல்லும் பொறுப்போடு நடக்க வேண்டிய காரியம் அது.

எனக்கு வழி சொன்னது கோயிலில் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 2011இல் இயற்றி, 2013 ஏப்ரல் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. பின்தொடர்வது, வீட்டருகே வந்து வட்டமிடுவது, வேண்டாத செய்தி அனுப்புவது எல்லாமே அதில் துன்புறுத்தல்தான். அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை, மனசுக்கு வந்த கேடும் கேடுதான். வக்கீல் வைக்க வேண்டாம். நம் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எழுத்தரிடம் மனுவும் சத்தியப் பிரமாணமும் கொடுத்தால் போதும். குழந்தைக்காகப் பெற்றவர் கொடுக்கலாம். முகம் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால், அது யாருடையது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விசாவில் இருக்கிறவர்கள் கோர்ட் படி ஏறலாமா என்று என் கணவர் தயங்கினார். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு, எல்லா வகை வன்முறையிலிருந்தும் விடுபட்டு இருக்கும் உரிமையை 'எல்லாருக்கும்' என்று சொல்கிறது. குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

மனு கொடுப்பதற்கு முந்தின நாள் ஆயாவிடம் போனேன். அவருக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அடுப்பை அணைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஜெயிலுக்கா?"

"இல்லை ஆயா. முதலில் ஒரு உத்தரவுதான். கிட்டே வராதே, பேசாதே, செய்தி அனுப்பாதே என்று. மீறினால்தான் அப்புறம்."

பூஜை அலமாரியைக் காட்டினார். நடுவில் வட்டமாகப் புழுதி படாத ஒரு இடம். அவருடைய அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு இருந்த இடம் அது. விற்றுவிட்டான். "எழுது" என்றார். "ஆனா என்னைப் பார்க்க வரக்கூடாதுன்னு மட்டும் எழுதிடாதே."

அதையும் எழுதினேன். ஆயாவைப் பார்க்க அவன் வருவதில் எங்களுக்கு மறுப்பில்லை என்று தனி வரியாக. தேதி, நேரம் குறித்து வைத்திருந்த நோட்டையும் செய்திகளின் படங்களையும் இணைத்தேன். இப்படிக் குறித்து வைப்பதுதான் பாதி வேலை என்று சொல்வேன்.

மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவு போட்டார். நம் ஊர் அமீனா போல இங்கே ஷெரிஃப். அவர் கொண்டுபோய்க் கொடுத்து, இவனுக்குத் தெரிந்த பிறகுதான் உத்தரவுக்கு உயிர். கூடவே ஒரு பிடிவாரண்டும் எழுதி நிறுத்தி வைத்து, அதை என்னிடம் கொடுத்தார்கள். உத்தரவை மீறினால் அதையும் ஒரு பிரமாணத்தையும் எடுத்துக்கொண்டு போலீஸிடம் போகலாம். மீறுவது ஐந்து வருஷம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். எதிராளிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு, அதற்காகக் குறைந்தது பத்து நாள் அவகாசம் கொடுத்து வாய்தா போடுகிறார்கள். பொய்ப் பிரமாணம் கொடுத்தால் நமக்கும் தண்டனை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வாய்தா அன்று ஆயாவும் எங்களோடு காரில் வந்தார். அவன் வந்திருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. எதையும் மறுக்கவில்லை. உத்தரவு ஐந்து வருஷத்துக்கு உறுதியானது. வெளியே வரும்போது ஆயா எழுத்தரிடம், வீட்டுச் சாமானை விற்கிறானே, எனக்கு என்ன வழி என்று கேட்டார். சொந்தக்காரர் என்றால் அது வேறு சட்டம், 1998ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், அதற்கு வேறு படிவம் என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஆயா அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நிரப்பவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து சமூகப் பணியாளர் ஒருவரோடு அரசு வழக்கறிஞரிடம் போய்ப் பிரமாணம் கொடுத்தார். போதைக்கு அடிமையானவரை அவர் சம்மதிக்காவிட்டாலும் நீதிமன்றம் மூலம் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப 2008ஆம் வருஷத்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த மாதங்கள் ஆயாவுக்குக் கொடுமையானவை.

இப்போது சிகிச்சை முடிந்து, ஒரு சித்தப்பா வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயாவைப் பார்க்க வருவான். எங்கள் வீடு வருவதற்கு முன்பே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடப்பான். ஆயா பின்பக்கத்துக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். என் மகள் மாடி ஜன்னலருகே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள், இப்போதெல்லாம் திரையை இழுத்து மூடுவதில்லை.