என் சம்பளத்துல எத்தனை பேர் சாப்பிடுறாங்க

போன டிசம்பர் மழை விட்டதும் எனக்கு டெங்கு வந்துச்சு. குரோம்பேட்டைல ஒரு ஆஸ்பத்திரில 5 நாள், ட்ரிப்ஸ் பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு, காலைல ஒரு தடவ சாயந்தரம் ஒரு தடவ பிளேட்லெட் எவ்ளோனு கேக்குறதே வேலை, அத்தை வீட்ல இருந்து பப்பாளி இலைய அரைச்சு எடுத்துட்டு வருவாங்க. மூணாவது நாள் ராத்திரி வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டார், "வீட்டு லோன் எந்த அக்கவுண்ட்ல இருந்து போகுது, என்னிக்கு போகும்?"

அஞ்சு வருஷமா மாசம் 31 ஆயிரம் என் சம்பளத்துல இருந்து போகுது, அவருக்கு அது தெரியவேண்டிய அவசியமே வரல. காய்ச்சல் இறங்கினப்புறமும் அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "மாப்பிள்ளைக்கு பாலிசி போட்டாச்சா?" என்னப் பத்தி ஒருத்தர்கூட கேட்டதில்ல, நானே கேட்டதில்ல. அவருக்கு பல்லாவரத்துல ஹார்டுவேர் கடை, ஒரு மாசம் நல்லா ஓடும், ஒரு மாசம் வாடகைக்கே இழுக்கும். மாசம் பொறந்தா தவறாம வர்ற பணம் என்னோடதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு பாப்பாவோட பழைய ரஃப் நோட்ல எழுதிப் பார்த்தேன். லோன் பாக்கி 31 லட்சம். இஎம்ஐ போக வீட்டுச் செலவுக்கு நான் குடுக்குறது 27 ஆயிரம், எங்கம்மாவுக்கு அனுப்புறது 6 ஆயிரம், ஆக 33. பாப்பாவுக்கு இப்ப 6 வயசு, 22 ஆகுற வரைக்கும் 16 வருஷம், அதுக்கே 63 லட்சத்துக்கு மேல வருது. விலைவாசி ஏறும், ஆனா மொத்தமா வர்ற பணத்த போட்டு வெச்சா வட்டியும் வரும், ரெண்டும் ஈடாகிடும்னு வெச்சுக்கிட்டேன். காலேஜுக்கு ஒரு 15 லட்சம். எல்லாம் சேர்த்து ஒரு கோடியே 9 லட்சம்! அத பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் அடைச்ச மாதிரி இருந்துச்சு.

கையில இருக்குறது என்னனு அடுத்து எழுதினேன். பிஎஃப்ல இருக்குறவங்களுக்கு ஈடிஎல்ஐனு ஒண்ணு தானாவே இருக்கு, நம்ம சம்பளத்துல அதுக்கு பிடிக்கிறதே இல்ல கம்பெனிதான் கட்டுது, வேலைல இருக்கும்போது இறந்துட்டா அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும். நிறைய பேருக்கு இது இருக்குறதே தெரியாது, தெரிஞ்சுக்கங்க. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ கணக்குல சேர்க்கல, வேலைய விட்டா அதுவும் போயிடும்.

அப்புறம் 22 வயசுல அப்பாவோட நண்பர் போட்டுவிட்ட எண்டோமென்ட் பாலிசி, அதாவது சேமிப்பும் காப்பீடும் சேர்ந்தது, வருஷம் 24 ஆயிரம்னு 12 வருஷமா கட்டிட்டேன். நான் போனா அதுல வர்றது 5 லட்சமும் போனஸும். மாசம் 64 ஆயிரம் குடுக்குற ஆளு இல்லாமப் போனா 5 லட்சம் 8 மாசம்கூட தாங்காதே! அது சேமிப்பு, அவ்ளோதான், காப்பீடுனு நம்பிட்டு இருந்தது என் தப்பு. 20 வருஷ பாலிசில 12 வருஷம் கட்டினப்புறம் பாதில சரண்டர் பண்ணா நஷ்டம்தான் ஜாஸ்தின்னு அத அப்படியே விட்டுட்டேன். ஆனா அந்த பாண்ட எடுத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, நாமினி இன்னும் எங்கப்பா. அப்பா போய் 3 வருஷம் ஆச்சு. மறுநாளே லீவு போட்டு பிராஞ்சுக்குப் போய் வீட்டுக்காரர் பேருக்கு மாத்தினேன், அந்த ஃபார்ம்ல அப்பா பேர எழுதும்போது கை நின்னுடுச்சு.

ஆக ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி, அதாவது சொன்ன வயசுக்குள்ள நான் போனா மட்டும் பணம் வர்றது, எடுக்குறதுனு முடிவு. "ஒண்ணும் ஆகலேன்னா பணம் திரும்ப வராதா"னு அத்தை கேட்டாங்க. வராது அத்தை, வரலேன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்னு சொன்னேன், "அச்சானியமா பேசாதடி"னு எழுந்து போயிட்டாங்க. 85 வயசு வரைக்கும் எடுங்கன்னு ஏஜென்ட் சொன்னார், எதுக்கு? எனக்கு 50 ஆகும்போது பாப்பாவுக்கு 22, லோனும் முடிஞ்சிருக்கும், எதுக்கும் இருக்கட்டும்னு 55 வரைக்கும் எடுத்தேன். வருஷத்துக்கு 10 ஆயிரத்து சொச்சம். 2025 செப்டம்பர் 22ல இருந்து இதுக்கு ஜிஎஸ்டி இல்ல, முன்னாடி 18 சதவீதம் கட்டணும்.

ஃபார்ம் போடும்போது தைராய்டு மாத்திரைய எழுத வேணாம், சின்ன விஷயம்னு ஏஜென்ட் சொன்னார். எழுதித்தான் ஆகணும்னு நான் நின்னேன். பிரீமியம் கொஞ்சம் ஏறுச்சு, ஏறட்டும். மறைச்சது 3 வருஷத்துக்குள்ள தெரியவந்தா கிளெய்ம மறுக்க முடியும், அன்னைக்கு ஆபீஸ் ஆபீஸா அலையப்போறது நான் இல்ல, என் வீட்டுக்காரர்.

எல்லாருக்கும் வேணும்னு நான் சொல்ல வரல. மாமா மாநகர பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், பென்ஷன் வருது, அவர் சம்பாத்தியத்த நம்பி யாரும் இல்ல, அவருக்கு எதுக்கு பாலிசி? கொழுந்தனுக்கு 25, கல்யாணம் ஆகல, அவனுக்கும் தேவையில்லனுதான் நினைச்சேன், ஆனா அவன் எஜுகேஷன் லோன்ல மாமாவும் சேர்ந்து கையெழுத்து போட்டிருக்கார், அவனுக்கு ஏதாவதுன்னா பேங்க் மாமாகிட்டதான் வரும். அதனால லோன் முடியுற வரைக்கும் அந்த அளவுக்கு மட்டும் ஒண்ணு போடுடானு சொல்லியிருக்கேன். கடைல வேலை பாக்குற பையனுக்கு பேங்க்லயே பிரதம மந்திரி ஜீவன் ஜோதி போட்டுவிட்டோம், வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம், 18ல இருந்து 50 வயசு வரைக்கும் சேரலாம். அவன் ஊருக்கு அனுப்புற பணத்துலதான் அங்க அடுப்பு எரியுது.

வீட்டுக்காரருக்கும் இப்பதான் எடுக்குறோம். கடைல கடனுக்கு சரக்கு எடுக்குறார், அதனால 1874ல வந்த திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்குக் கீழ போடச் சொல்லியிருக்கேன், அப்படிப் போட்டா அந்தப் பணம் எனக்கும் பாப்பாவுக்கும்தான், கடன்காரங்க அதுல கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே போடணும், பின்னாடி சேர்க்க முடியாது.

இஎம்ஐ அக்கவுண்ட், தேதி, பாலிசி நம்பர் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பீரோல மேல் தட்டுல வெச்சு அவர்கிட்ட காமிச்சுட்டேன். சனிக்கிழமை பாலிசிக்காக அவருக்கு ரத்தப் பரிசோதனை, வெறும் வயித்துல இருக்கணுமாம், கடைய 10 மணிக்கு மேல திறந்துக்கலாம்னு சொல்லியிருக்கார்.